விருந்தாளியை முன்னால் வைத்த லிமசேனே

லிமசேனேயின் மறதி ஃபுனாஃபுட்டி தீவு முழுக்கப் பிரசித்தம். விமான ஓடுபாதையோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்துவாள், அங்கே நடக்கும் பந்தாட்டத்தைப் பார்ப்பாள், ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வீட்டுக்குப் போய்விடுவாள். இருட்டுவதற்குள் யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். யார் வண்டி, எந்த வீடு என்று ஒருவரும் கேட்பதில்லை. கணவன் கைட்டுவின் தம்பிமார் நால்வரையும் மூத்தவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். எவன் பக்கத்தில் இருக்கிறானோ அவன் "என்ன அண்ணி" என்று வந்து நிற்பான்.

ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் அவள் வேறு பெண். ஃபாட்டெலே ஆட்டத்துக்கான பாட்டுகள் அவளுக்கு எத்தனை தெரியும் என்று அவளுக்கே தெரியாது. பாட்டை உதட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. லிமசேனே கையில் வைத்திருந்தாள். கை அசைந்தால் சொல் வரும். கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் தேசிய கீதத்தில்கூடத் தடுமாறுவாள்.

அதனால்தான் எட்டுத் தீவுப் பாட்டு அறைக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டார்கள். ஊர்க்கூடத்தின் பின்னால் ஒட்டுச் சார்ப்பு மாதிரி ஓர் அறை. ஒவ்வொரு தீவுக்காரரும் பாடிய பாட்டுகளைப் பதிந்து ஒரு கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். பயிற்சிக்கு வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு வந்து வாங்கிப் போகலாம். வைட்டுப்பு தீவுப் பாட்டுகளை மட்டும் அங்கேயே உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், எடுத்துப் போக முடியாது. மெட்டைத் திருடிவிடுவார்கள் என்று வைட்டுப்புப் பெரியவர் தெலாவி ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தார். லிமசேனே நுக்குஃபெட்டாவு தீவுக்காரி, வாழ்க்கைப்பட்டது வைட்டுப்பு வீட்டில். தெலாவி அவள் கணவனுக்குப் பெரியப்பா. ஆகவே அவள் பிறந்த தீவைச் சொல்லி வீட்டிலும் கேலி, அறையிலும் கேலி.

உப்புக் காற்று சும்மா விடுமா? கம்ப்யூட்டர் ஒருநாள் இருமி இருமி அடங்கிவிட்டது. சுவாவிலிருந்து அபெனிசா என்ற ஃபிஜிக்காரத் தம்பி வந்து, செத்த பெட்டியிலிருந்து பாட்டுகளைப் பத்திரமாக மீட்டுப் புதுப்பெட்டிக்கு மாற்றினான், அத்தோடு பழைய பெட்டி ஒரேயடியாகப் போய்விட்டது. ஒரு பிரதியைத் தன்னோடு எடுத்துப் போகிறேன் என்றான். எங்கள் பாட்டு கடல் தாண்டக் கூடாது என்று தெலாவி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். புதுப்பெட்டி கெட்டியானது, உப்புக்கும் சூட்டுக்கும் தாங்கும். ஒரே ஒரு சங்கடம், அதில் படம் இல்லை, அம்புக்குறி இல்லை, மவுஸ் இல்லை. கறுப்புத் திரை, ஓரத்தில் மினுக் மினுக்கென்று ஒரு கோடு. அதற்கு நேரே கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும். தட்டாவிட்டால் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும்.

அபெனிசா நல்ல பொறுமைசாலி. எல்எஸ் என்று தட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும். சிடி என்றால் இன்னோர் அறைக்குப் போகும். எம்கேடிர் என்றால் புது அறை கட்டும். ஆர்எம் என்றால் அழித்துவிடும், கேள்வியே கேட்காது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். லிமசேனே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் காலை திரைக்கு முன் உட்கார்ந்தபோது தலை மட்டும்தான் மிச்சமிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. காகிதத்தில் எழுதி வண்டி இருக்கைக்கு அடியில் வைத்தாள், மழையில் கூழாகிவிட்டது. முழங்கையில் எழுதிக்கொண்டாள், துணி துவைத்ததில் போய்விட்டது. அபெனிசா ஊர் திரும்பியதும் தினம் ஒரு தடவை சுவாவுக்குப் போன் போட ஆரம்பித்தாள்.

"அக்கா, நேத்து சொன்னதுதானே இது?"

"நேத்து சொன்னது நேத்தோட போச்சுப்பா. இன்னைக்குச் சொல்லு."

பாட்டுக் குழுத் தலைவர் பனாபா நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. சுதந்திர நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டுத் தீவாரும் பாட்டுக் கேட்டு வரிசையில் நிற்கும் காலம் அது. பெட்டியை நடத்த ஆள் இல்லை என்றால் தெலாவி என்ன சொன்னாலும் சரி, எல்லாவற்றையும் சுவாவுக்கு அனுப்பி அங்கேயே வைக்கச் சொல்ல வேண்டியதுதான் என்று லிமசேனேயிடம் சொல்லிவிட்டார். நம் பாட்டைக் கேட்க நாம் ஃபிஜிக்காரனிடம் கையேந்துவதா என்று அவளுக்குச் சுருக்கென்றது. அதைவிட, அந்த அறையை விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது. வீட்டில் மீனைக் கருக்கும் பெண், அந்த அறையில் மட்டும்தான் ஒன்றையும் தொலைக்காமல் இருந்தாள்.

வழி பிறந்தது ஆட்டப் பயிற்சியில். நுக்குஃபெட்டாவுப் பெண்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்து கை அசைவு பழகிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மரப்பெட்டியைச் சுற்றி ஆண்கள் உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அடி எப்போது என்று காத்திருந்த நேரத்தில் லிமசேனேயின் கை தானாகப் புருவத்துக்கு மேல் போனது. கடலில் படகு தெரிகிறதா என்று பார்க்கும் அசைவு. எல்எஸ் என்று வாய் முணுமுணுத்தது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

அதன் பிறகு கேட்க வேண்டுமா? சிடி என்றால் துடுப்புப் போடும் கை. எம்கேடிர் என்றால் ஓலை முடையும் விரல்கள். ஆர்எம் என்றால் எடுத்துக் கடலில் வீசு. ஒரு கட்டளையின் முதல் எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அமுக்கினால் மீதியைப் பெட்டியே நிரப்பிக்கொள்ளும் அல்லவா, அதற்கு அவள் 'கூட்டம்' என்று பெயர் வைத்தாள். பாட்டுத் தலைவர் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார், மீதியைக் கூட்டம் பாடும், அதே கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நடுவில் நிறுத்த கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்க வேண்டும். அது ஆட்டம் முடியும்போது மரப்பெட்டியில் விழும் கடைசி அறை. அந்த அறை விழுந்தால் எவனும் மூச்சுவிடக்கூட மாட்டான்.

நுக்குஃபெட்டாவுப் பெண்களின் தலைவி சியுலா வாய் நீண்டவள். இது என்ன பேய்ப் பாட்டு என்று முதலில் சிரித்தாள். மறுநாள் அவளே மெட்டுப் போட்டுக் கொண்டுவந்தாள். ஃபாட்டெலே என்றால் ஒரே அடியை மெதுவாக ஆரம்பித்து, திரும்பத் திரும்பப் பாடி, வேகமும் சத்தமும் ஏறி, கடைசியில் கூரை கிழியப் பாடுவது. அப்படிப் பாடிய சொல் எலும்புக்குள் இறங்கிவிடும். ஒரு வாரத்தில் கம்ப்யூட்டரை வாழ்நாளில் தொட்டிராத பெண்களெல்லாம் புலாக்காக் கிழங்கைச் சீவிக்கொண்டே எல்எஸ், சிடி என்று பாடினார்கள். லிமசேனே சுவாவுக்குப் போன் போடுவதை நிறுத்தினாள். என்ன அக்கா, கோபமா என்று அபெனிசாவே கூப்பிட்டு விசாரித்தான்.

வினை வந்தது மரியாதையின் ரூபத்தில்.

பெட்டிக்கு ஒன்று ஆனாலும் பாட்டு பிழைக்க வேண்டும் என்று அபெனிசா விமானத்தில் ஒரு புது டிஸ்க் அனுப்பியிருந்தான். உள்ளே ஒன்றும் இல்லாத காலி டிஸ்க், அறையை விட்டு வெளியே போகாது என்று தெலாவியிடம் உறுதி சொல்லியிருந்தார்கள். பாட்டுகள் இருந்த இடத்துக்கு 'வீடு' என்றும் புது டிஸ்க்குக்கு 'விருந்தாளி' என்றும் தீவுக்காரர் பாஷையில் பெயர் வைத்துவிட்டு, ஆர்சிங்க் என்றொரு கட்டளையைப் போனில் சொல்லிக்கொடுத்தான். முதலில் சொல்லும் இடம் எப்படி இருக்கிறதோ, இரண்டாவதாகச் சொல்லும் இடத்தை அச்சு அசல் அப்படியே ஆக்கிவிடும். முதலில் வீடு, அப்புறம் விருந்தாளி. லிமசேனே அதையும் பாட்டாக்கிப் பயிற்சிக்குக் கொண்டுபோனாள்.

சியுலா பாட்டைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏன்டி, உன்னை யாரு வளர்த்தா? வந்த விருந்தாளியப் பின்னாடி தள்ளிட்டு வீட்டை முன்னாடி வச்சுப் பாடுவியா? எந்தத் தீவுல இருக்கு இந்த வழக்கம்?"

மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. பேச்சானாலும் பாட்டானாலும் வந்தவரைச் சொல்லிவிட்டுத்தான் தன்னைச் சொல்வது, அது ரத்தத்தில் ஊறியது. லிமசேனேக்கே வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே அடியை மாற்றினார்கள். ஆர்சிங்க், விருந்தாளி, வீடு. மாற்றியதும் தாளத்துக்கும் கச்சிதமாக உட்கார்ந்தது. கூரை கிழியப் பாடினார்கள்.

மறுநாள் காலை, குளித்துத் தலையில் பூ வைத்துக்கொண்டு, லிமசேனே திரைக்கு முன் உட்கார்ந்தாள். வாய்க்குள் பாடிக்கொண்டே தட்டினாள். காலி விருந்தாளி முன்னே, நிறைந்த வீடு பின்னே. பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. விருந்தாளி காலியாக இருக்கிறானே, அப்படியானால் வீடும் காலியாகத்தானே இருக்க வேண்டும். பெயர் வரிசையின் கடைசியிலிருந்து அழித்துக்கொண்டு வந்தது. வரிசையில் கடைசிப் பெயர் வைட்டுப்பு.

திரையில் வைட்டுப்பு, வைட்டுப்பு என்று வரிகள் விழ விழ முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் ஒவ்வொரு வரியின் முன்னாலும் அழிந்தது என்ற சொல் கண்ணில் பட்டது. யோசிக்க நேரமில்லை. கை பாய்ந்து கடைசி அறையை அறைந்தது. கன்ட்ரோல், சி. பெட்டி நின்றது. எல்எஸ் தட்டிப் பார்த்தாள். ஏழு தீவும் இருந்தது. வைட்டுப்பு இல்லை. முதலுக்கே மோசம்.

அபெனிசாவுக்குப் போன் போட்டாள். அவன் ஏதேதோ தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, போனது போனதுதான் அக்கா என்றான். வேறு எங்காவது பிரதி இருக்கிறதா என்று கேட்டான். இருக்காது என்று அவளுக்குத் தெரியும். எடுத்துப் போகக் கூடாது என்று தெலாவி காத்த பாட்டு, காத்த காரணத்தாலேயே ஒரு போனில்கூட இல்லை. நுக்குஃபெட்டாவுக்காரி வைட்டுப்புப் பாட்டை மட்டும் அழித்தாள் என்று ஊர் சொல்லப்போகிறது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? லிமசேனே அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரே தெலாவியிடமே போனாள். பனாபாவிடம்கூடச் சொல்லவில்லை.

தெலாவி ஓடுபாதைக் கோடியில் தன் பன்றியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"எல்லாமா போச்சு?"

"எல்லாமே, மாமா."

"மத்த தீவுப் பாட்டு?"

"அதெல்லாம் இருக்கு, மாமா."

"அதானே பாத்தேன். நுக்குஃபெட்டாவுப் பொண்ணு கை வச்ச பெட்டியாச்சே, ஆள் பாத்துத்தான் கடிக்கும்."

விருந்தாளியை முன்னால் வைத்ததுதான் மாமா தப்பு, வேறொன்றும் இல்லை என்றாள். தெலாவி மாட்டிக்கொண்டார். விருந்தாளியை ஏன் முன்னால் வைத்தாய் என்று திட்டினால், எட்டுத் தீவிலும் அவரைப் பெரியவர் என்று யார் மதிப்பார்கள்? வாளியை எடுத்து மிச்சத் தண்ணீரைப் பன்றி மேல் ஊற்றினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை தன் ஆட்கள் ஊர்க்கூடத்துக்கு வந்து எல்லாப் பாட்டையும் திரும்பப் பாடுவார்கள். அவள் பதிந்துகொள்ள வேண்டும்.

"எல்லாப் பாட்டும் திரும்பி வந்துட்டா சரி. ஒண்ணு குறைஞ்சாலும் அந்த ரூம் சாவிய பனாபா கையில குடுத்துட்டுப் போயிடணும். மருமகள்னும் பாக்கமாட்டேன், யாருன்னும் பாக்கமாட்டேன்."

சனிக்கிழமை வைட்டுப்புக்காரர்கள் வந்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு வரத்து சுதந்திர நாளுக்கும் கிடையாது. பாடுவதைப் பார்க்கலாம் என்று மற்றத் தீவுக்காரர்களும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா வருவார்களா? சுட்ட சூரை மீனும், ஈரப்பலாக்காயும், தென்னம் பதநீரும் கூடவே வந்தன. பஞ்சாயத்து என்று கூடியது பத்து மணிக்கெல்லாம் திருவிழாவாகிவிட்டது. கைட்டு தன் தம்பிமாரோடு மரப்பெட்டியின் முன் உட்கார்ந்துகொண்டான். இன்றைக்கு உன் பொண்டாட்டி பக்கமா, உன் ஊர்ப் பக்கமா என்று யாரோ கேட்டதற்கு, பெட்டிப் பக்கம் என்றான்.

லிமசேனே மைக்கோடு கூடத்தின் ஓரத்தில், பாட்டு அறை வாசலருகே உட்கார்ந்து பதிந்துகொண்டே இருந்தாள். பாட்டுக்குப் பாட்டு பெயர் வைத்து, வைட்டுப்பு அறையைப் புதிதாகக் கட்டி, ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். ஓலை முடையும் விரல், துடுப்புப் போடும் கை. ஒரு தடவையும் தடுமாறவில்லை. பழைய பதிவில் இருமலும் நாய்க் குரைப்பும் கலந்திருந்த பாட்டுகளெல்லாம் இப்போது சுத்தமாக வந்தன. தோற்றுவிடுவோமோ என்ற பயம் இருந்த இடத்தில் மத்தியானத்துக்கு மேல் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. அவளுக்கும்தான்.

கடைசிப் பாட்டு. வைட்டுப்பில் பெரிய கூடத்துக்குக் கூரை வேய்ந்தபோது கட்டிய பழம்பாட்டு. அதை எடுத்துக் கொடுக்கும் உரிமை தெலாவிக்கு மட்டும்தான். அவர் எழுந்தார், தொண்டையைச் செருமினார், கையை உயர்த்தினார். சொல் வரவில்லை. மறுபடி செருமினார். ஊரார் மறதியைக் கேலி செய்தே வயதான மனிதர், முதல் சொல்லை மறந்துவிட்டு நின்றார். வைட்டுப்புப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் எடுத்துக் கொடுக்காமல் அவர்களாக ஆரம்பிக்க முடியாது.

லிமசேனேக்கு அந்தச் சொல் தெரியும். அந்த அறையில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பாள். ஆனால் ஒரு தீவின் பாட்டை அடுத்த தீவுக்காரி எடுத்துக் கொடுப்பது அவமானம். கொடுக்காமல் விட்டால் பாட்டு ஒன்று குறையும், சாவி போகும். அவள் அந்த நேரத்தில் சாவியை நினைக்கவில்லை. மாமாவின் உயர்த்திய கை இறங்க முடியாமல் நிற்பதைத்தான் பார்த்தாள். அவள் கையும் உயர்ந்தது. முதல் சொல்லை மட்டும், பாதிக் குரலில், பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த நொடி கூடமே அதைப் பிடித்துக்கொண்டது. கைட்டு மரப்பெட்டியில் அறைந்தான். மெதுவாக ஏறியது, திரும்ப வந்தது, வேகம் பிடித்தது, தெலாவியின் குரல் எல்லாருக்கும் மேலே போனது, பெண்கள் எழுந்து ஆடினார்கள், கடைசி அறை விழுந்தபோது கூரையிலிருந்து தூசி கொட்டியது. பதிவு முழுசாக உள்ளே போயிருந்தது.

தெலாவி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றார்.

"எங்க பாட்டை எடுத்துக் குடுக்க நீ யாரு?"

"எடுத்துக் குடுக்கலை, மாமா. முதல் எழுத்தைத்தான் தட்டினேன். மீதியக் கூட்டம் பாடுச்சு."

நுக்குஃபெட்டாவுப் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. டேப் விசையின் கதை அவர்களுக்குத் தெரியுமே. சியுலா அதை வைட்டுப்புப் பெண்களுக்கு விளக்க, அவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்ல, சிரிப்பு பாய் பாயாகப் பரவி வந்து தெலாவியையும் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு பனாபாவைக் கூப்பிட்டு, அந்தக் காலி டிஸ்க் எங்கே என்று கேட்டார். இனி வைட்டுப்புப் பாட்டையும் எல்லாரும் போனில் வாங்கிப் போகலாம், ஒருவர் மறந்தால் எடுத்துக் கொடுக்க நாலு பேர் வேண்டும் என்றார். சொல்லிவிட்டு லிமசேனேயைப் பார்த்தார்.

"இப்போ நகல் எடு. நான் பாக்கறேன்."

அறைக்குள்ளும் வாசலிலும் ஜன்னலிலும் தலைகள். லிமசேனே விரல்களை விசைமேல் வைத்துவிட்டு நின்றுவிட்டாள். எது சரி என்று அபெனிசா சொன்னது அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் கூரை கிழியப் பாடியது கையில் இருந்தது. கை விருந்தாளி பக்கமே இழுத்தது. சியுலாவும், என்ன இருந்தாலும் வீட்டை முன்னாடி வைக்கறது மரியாதை இல்லையே என்று முனகினாள். தெலாவி திரும்பிப் பார்த்தார்.

"விருந்தாளிக்குச் சோறு போடணும்னா யாரும்மா முதல்ல எந்திரிக்கணும்? விருந்தாளியா, வீட்டுக்காரனா?"

சியுலா பதில் சொல்லாமல் இருந்ததை ஃபுனாஃபுட்டி அன்றுதான் பார்த்தது. லிமசேனேயின் கை தானாக எழும்பி, மடியிலிருந்து எடுத்து எதிரில் இருப்பவருக்கு நீட்டும் அசைவைப் போட்டது. வீடு எழுந்திருக்கும், விருந்தாளி வாங்கிக்கொள்வான். தட்டினாள். வரி வரியாக எட்டுத் தீவும் போய்ச் சேர்ந்தது. ஜன்னலில் நின்றவர்கள் அந்த அடியை அங்கேயே பாட்டாக்கிவிட்டார்கள், அவள் முடித்து வெளியே வரும்போது வைட்டுப்புப் பெண்கள் அதற்கு ஆட ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் லிமசேனே கைட்டுவின் தம்பிமாரோடு பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனாள், நடந்து. மீனை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது, தெருக்கோடியில் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. மூச்சு வாங்க வாங்க, வீடு முன்னே விருந்தாளி பின்னே என்று பாடிக்கொண்டே வந்தார். தெலாவி வண்டியை வாசலில் நிறுத்தினார், இடுப்புத் துணியின் மடிப்பிலிருந்து எதையோ எடுத்தார்.

"இதையும் கதவுலயே விட்டுட்டு வந்திருக்க," என்று சொல்லிப் பாட்டு அறைச் சாவியை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனார்.